பட்டறைப் பக்கம்: பெயர் போன செயின்சாக்கள்

போன இதழில் கற்பூர மரம் அறுக்கும் பழைய செயின்சா ஒன்றைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பரண், மாட்டுக்கொட்டகை, பழைய இரும்புக் கடை என்று எங்கெங்கோ கிடக்கும் மெஷின்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பாதிப் படங்களில் மெஷினைவிட அழுக்குதான் அதிகம். குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட் பட்டறையில் 31 வருடம் கிடந்தவன் என்பதால் அழுக்கு எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் அடுத்த முறை ஒரு பழைய டூத் பிரஷ்ஷையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் எடுத்துத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். பல கேள்விகளுக்குப் பதில் அந்த அழுக்குக்கு அடியிலேயே இருக்கிறது.

எஸ்டேட் ஏலத்தில் தாத்தா எடுத்த செயின்சா. ஸ்டிக்கர் இல்லை, பெயர்த் தகடும் இல்லை. மேலே பச்சை பெயிண்ட். ஒரு மெக்கானிக் 'ஸ்டில் கம்பெனியின் 070' என்கிறார். இன்னொருவர் '090' என்று சத்தியம் செய்கிறார். பிஸ்டன் செட் வாங்க வேண்டும். யாரை நம்புவது?
— கோத்தகிரி வாசகர்

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் தம்பி. வெர்னியரை நம்புங்கள்.

முதலில் பெயிண்டை மறந்துவிடுங்கள். எஸ்டேட் பட்டறைகளில் ஜீப்புக்கு அடித்த பெயிண்ட் மீதி இருந்தால் அதையே தண்ணீர் பம்புக்கும் செயின்சாவுக்கும் அடித்துவிடுவார்கள். நானே அடித்திருக்கிறேன். மஞ்சளாக இருந்தால் மெக்கல்லாக், ஆரஞ்சாக இருந்தால் ஹஸ்க்வர்னா என்று நிறத்தை வைத்து ஊகிப்பதெல்லாம் கம்பெனி பெயிண்ட் உரியாமல் இருந்தால்தான்.

அடுத்து, ஸ்டார்ட்டர் மூடி, செயின் பக்க மூடி, ஏர் ஃபில்டர் மூடி மூன்றையும் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ஸ்டில் மெஷின்களில் உதிரிபாக எண் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும். அதன் முதல் நாலு இலக்கம்தான் அந்த மெஷினின் குலம் கோத்திரம். 1106 என்றால் 070, 090 குடும்பம். 1110 என்றால் 041. 1108 என்றால் 08 எஸ். 1111 என்றால் 051. ஒரு மூடியில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், மூடி வேறு மெஷினிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கலாம். சிலிண்டர், கிராங்க்கேஸ் (சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கூடு) இரண்டிலும் தேடுங்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் மூடியின் உள்விளிம்பில் '1106' தெரிகிறது. ஆகவே உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் பாதி சரி. 070, 090 இரண்டும் அண்ணன் தம்பி. வெளியே பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டுக்கும் மூதாதை 1959-ல் வந்த கான்ட்ரா. கியர் இல்லாமல் கிராங்க்கிலிருந்தே நேராகச் செயினை ஓட்டும் மெஷின் அது. எடை 12 கிலோ. அந்தக் காலத்தில் இதைக் குறைந்த எடை என்று சொல்லி விற்றார்கள்!

சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி மெதுவாக மேலே தூக்குங்கள். உள்விட்டத்தை வெர்னியரில் அளங்கள். 58 மில்லிமீட்டர் என்றால் 070. 66 என்றால் 090. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 40 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் முதலாவது 106 சி.சி., இரண்டாவது 137 சி.சி. கடைக்காரரிடம் 'எழுபதா தொண்ணூறா' என்று சண்டை போடாமல் '58 எம்.எம். பிஸ்டன்' என்று கேட்டு வாங்கலாம். பிஸ்டன் மோதிரத்தின் தடிமனையும், பிஸ்டன் பின்னின் விட்டத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.

070-க்கு உதிரிபாகம் கிடைப்பதில் பிரச்சினை இல்லை. இதே மாதிரி அச்சு எடுத்த நகல் மெஷின்கள் ஆசியா முழுக்க ஓடுவதால், அவற்றின் பாகங்கள் கொட்டிக் கிடக்கின்றன, விலையும் குறைவு. என் அனுபவத்தில் நகல் ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டர், டேங்க் மூடி இவற்றை வாங்கலாம். நகல் பிஸ்டன் செட்டை வாங்கினால் சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளைகளின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கூராக இருந்தால், மோதிரம் அதில் சிக்கி உடையும். மெல்லிய எமெரி தாளால் ஓரத்தை மழித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிராங்க் மட்டும் நகல் வேண்டாம். உங்கள் பழைய கிராங்க்கே அதைவிட நல்லது.

இன்னொன்று. ஸ்டில் உதிரிபாகப் பட்டியலில் எண் 9503 என்று தொடங்கினால் அது பால் பேரிங், 9640 என்று தொடங்கினால் ஆயில் சீல். 9-ல் தொடங்குபவை பெரும்பாலும் பொது அளவுச் சாமான்கள். அவற்றுக்காகச் செயின்சா கடையைத் தேடி அலைய வேண்டாம். பேரிங் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். கோயம்புத்தூரில் எந்தப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். 'செயின்சாவுக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'அது இங்கே கிடைக்காதுங்க' என்று அனுப்பிவிடுவார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கியதும், சுமை இல்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 'பொட பொட' என்று தடுமாறும். பயந்துவிடாதீர்கள். இதன் கார்புரேட்டரில் ஒரு கவர்னர் இருக்கிறது. வேகம் எல்லை மீறினால் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிட்டு இன்ஜினை அடக்கும். இதை ரிப்பேர் என்று நினைத்து அந்தத் துளையை அடைத்த புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் கனெக்டிங் ராடு கையில் வந்தது.

காலையில் இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடம் அறுத்த பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்காமல் கத்துகிறது. பக்கவாட்டில் சாய்த்தால் சத்தமே மாறுகிறது. கார்புரேட்டர் கிட் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மூன்றாவது கிட் வாங்கலாமா?
— ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர்

வேண்டாம் சார். திருடன் கார்புரேட்டரில் இல்லை, கிராங்க்கின் இரண்டு பக்கத்தில் ஏதோ ஒரு பக்கம் ஒளிந்திருக்கிறான்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. கிராங்க்கேஸே ஒரு காற்று பம்பு. அதன் இரு பக்கமும் ஆயில் சீல். முப்பது நாற்பது வருடத்தில் சீல் ரப்பர் கட்டையாகிவிடும். குளிரில் பிடிக்கும், சூடானால் விடும். அந்த வழியாக வெளிக்காற்று புகுந்ததும் கலவையில் பெட்ரோல் குறைந்து, வேகம் தானாக ஏறும். சாய்க்கும்போது கிராங்க் ஒரு மயிரிழை அசைந்தால் போதும், ஓட்டை கூடும் அல்லது குறையும். அதுதான் சத்தம் மாறுவது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1987-ல் இதே மாதிரி கத்திய மெஷின் ஒன்றுக்கு, கார்புரேட்டரின் எச் ஸ்குரூவை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அரைச் சுற்று திறந்துவிட்டுக் கூடுதல் பெட்ரோல் கொடுத்து அடக்கினேன். பெரிய டியூனிங் மேதை என்ற நினைப்பு. மூன்றாம் நாள் சில்வர் ஓக் அறுத்துக்கொண்டிருக்கும்போது 'கீச்' என்று ஒரு சத்தம். கயிறு இழுக்க வரவில்லை. பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் தாரைதாரையாக அப்பியிருந்தது. அந்த மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. சீல் இரண்டின் விலை அப்போது இருபது ரூபாய்கூட இல்லை.

சோதிக்கும் வழி சொல்கிறேன். வீட்டில் பாதரசம் இல்லாத, கையால் அமுக்கும் பழைய பி.பி. மெஷின் இருந்தால் அதன் பல்ப், மீட்டர், டியூப் மூன்றும் போதும். (எங்கள் வீட்டில் மாமனாருடையது. அவருக்கு டிஜிட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு இதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.) சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் லாரி டியூப் ரப்பரை வெட்டி வைத்துச் சைலன்சராலேயே இறுக்குங்கள். கார்புரேட்டர் வாயையும் அதே போல அடையுங்கள். ஒரு செத்த ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் பி.பி. டியூபைச் செருகி அரால்டைட் போட்டால் அடாப்டர் தயார். ஃபிளைவீல், கிளட்ச் இரண்டையும் கழற்றுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து 300 வரை பல்பை அமுக்குங்கள். அது ஏறக்குறைய 0.4 பார் அழுத்தம், இந்த வேலைக்குப் போதும். அரை நிமிடம் முள் நகரக் கூடாது. இறங்கினால் இரண்டு பக்க சீல் மேலும் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். குமிழ் எங்கே வருகிறதோ அங்கேதான் திருடன். சில சீல் ஊதினால் தாங்கும், உறிஞ்சினால் விட்டுவிடும். பெரிய சிரிஞ்ச் ஒன்றை மாட்டி இழுத்துப் பிடித்தும் பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் கழற்றும்போது கவனம். பெரும்பாலான செயின்சாக்களில் அது இடது மரை, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். பிஸ்டனை நிறுத்த, பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணியுங்கள். ஸ்குரூ டிரைவரை விடாதீர்கள், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

சீல் முகத்திலேயே மூன்று எண் இருக்கும்: உள் அளவு, வெளி அளவு, தடிமன். அந்த மூன்றும் பொருந்தினால் எந்த மெஷினுக்கு விற்கும் சீலாக இருந்தாலும் சரி. வைட்டான் ரப்பரில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், இன்றைய பெட்ரோலுக்கு அதுதான் தாங்குகிறது. புதிய சீலை அடித்து இறக்கும்போது தண்டின் நுனியில் செல்லோ டேப் சுற்றிக்கொள்ளுங்கள், சாவிப் பள்ளம் சீலின் உதட்டைக் கிழித்துவிடும்.

பழைய மெஷினுக்கு லிட்டருக்கு எவ்வளவு ஆயில்?
— கம்பம் வாசகர்

நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1. இன்றைய உயர்ரக ஆயிலில் 20 மில்லியே போதும் என்று டப்பாவில் போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் பேரிங் தேய்ந்த கிழட்டு மெஷினுக்கு நான் 40 மில்லியே ஊற்றுகிறேன். கொஞ்சம் புகை வரும், வரட்டும். படகு மோட்டார் ஆயில் வேண்டாம், அது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது.

ஆயிலைவிடப் பெட்ரோல்தான் இப்போது தலைவலி. 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் பழைய கார்புரேட்டரின் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை முதலில் ஊதவைத்து, பிறகு காய்ந்த அப்பளம் மாதிரி ஆக்கிவிடும். ஈரத்தையும் உறிஞ்சும். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டயஃப்ரம் கிட் வாங்க மெஷின் பெயர் தேவையில்லை. கார்புரேட்டர் உடம்பில் டில்லட்சன், வால்ப்ரோ, ஜாமா என்று ஏதாவது ஒன்றும், எச்.எல்., எச்.எஸ். மாதிரி எழுத்தும் எண்ணும் இருக்கும். அதைச் சொன்னால் போதும்.

பிளக்கில் தீப்பொறி இல்லை. காயில் போய்விட்டது, மெஷினைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார் மெக்கானிக்.
— செங்கோட்டை வாசகர்

அவர் ஃபிளைவீலைக் கழற்றிப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். எழுபதுகளின் மெஷின்களில் பெரும்பாலும் ஃபிளைவீலுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பாவில், கரன்ட்டை விட்டு விட்டு அறுக்கும் பாயின்ட்டும் கண்டன்சரும் இருக்கும். பழைய பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இரண்டும் நல்ல பழக்கம். வருடக்கணக்கில் கிடந்தால் பாயின்ட் முகத்தில் பாசி படிந்து கரன்ட் பாயாது. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் நோய்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மணல் உள்ளே தங்கிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு விரல் அகலம் வெட்டிப் பெட்ரோலில் நனைத்து, பாயின்ட் இடையில் விட்டு நாலு தடவை இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு வரும். கோடு வருவது நிற்கும்வரை இழுங்கள். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வையுங்கள். பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். அதே கண்டன்சர் கிடைக்காவிட்டால் ஸ்கூட்டர் கண்டன்சரை வெளியே கிளிப் போட்டு மாட்டி ஓட்டியிருக்கிறேன், பல வருடம் ஓடியது. காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது.

ஃபிளைவீலைக் கழற்றத் தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். லேத்தில் சொன்னால் ஒரு சின்ன புல்லர் கடைந்து கொடுப்பார்கள்.

பழைய பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டுக்கு, புதுச் செயின் வாங்கினேன். பல்சக்கரத்தில் உட்காரவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
— வால்பாறை வாசகர்

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. 'இருபது இஞ்ச் செயின்' என்று கேட்டிருப்பீர்கள். செயினுக்கு நீளம் மட்டும் போதாது. அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள், அதுதான் பிட்ச். மூன்று ரிவெட்டுக்கு 20.5 மில்லிமீட்டர் வந்தால் பிட்ச் .404 இஞ்ச், 19 வந்தால் 3/8 இஞ்ச், 16.5 வந்தால் .325 இஞ்ச். உங்களுடையது .404 பல்சக்கரம், வாங்கியது 3/8. பிட்ச்சில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் உட்காராது. பிட்ச்சோடு, பார் பள்ளத்தின் அகலத்தையும் (1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர்), உள்ளே ஓடும் வால் கண்ணிகளின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு போங்கள். .404 செயினைத் தீட்ட 5.5 மில்லிமீட்டர் வட்ட அரம்.

செயினைப் பற்றி ஒரு கதை. அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்பவர் 1946-ல் விறகு வெட்டும்போது, மரத்தைக் குடையும் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி மரத்தைத் தின்பதைக் கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்துச் செய்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும், இடப் பல் வலப் பல் மாறி மாறி வரும் செயின். 1947-ல் போர்ட்லாண்டில் கம்பெனி தொடங்கினார், அதுதான் இன்றைய ஓரிகன். நம் காபித் தோட்டத்தில் தண்டுப் புழு துளைத்த செடியைப் பார்த்துத் திட்டுவதோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

அப்பாவுக்கு 74 வயது. 1970-ல் வாங்கிய செயின்சாவை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி ஓட்டிவிட்டார். வீட்டோரத்து மரத்தை அவரே சாய்ப்பேன் என்கிறார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
— ஒரு மகள், குன்னூர்

வம்பில் மாட்டிவிட்டுவிட்டேன் போலிருக்கிறது அம்மா, மன்னியுங்கள். அப்பாவிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் மெஷினில் செயின் பிரேக் கிடையாது. அது எழுபதுகளில்தான் வந்தது. பாரின் நுனி மேல் பக்கம் எதிலாவது பட்டால் மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். புது மெஷினில் கைக்காப்பு மணிக்கட்டில் தட்டிச் செயினை நிறுத்தும். உங்களுடையதில் நிறுத்துவதற்கு உங்கள் நெற்றிதான் இருக்கிறது. அதிர்வு தாங்கும் ரப்பரும் இல்லை, அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். என்னிடமும் அதே வயதுள்ள ஒரு மெஷின் இருக்கிறது. தரையில் கிடக்கும் கட்டையை, குறுக்குக் கட்டை போட்டு உயர்த்தி, பாரின் அடிப்பாகத்தால் மட்டும் துண்டு போடுவேன். அதுவும் மாதம் ஒரு நாள், சத்தம் கேட்கும் ஆசைக்காக. நிற்கிற மரத்தில் வைக்க மாட்டேன். தவிர, நம் மலையில் சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் 1955-ம் ஆண்டு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் சாய்க்கக் கூடாது. மனு கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அனுமதி வந்தால் மரம் ஏறத் தெரிந்த பையன்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பழைய இரும்புக் கடையில் ஒரு செயின்சா 2,500 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? பார் புதிதாக இருக்கிறது.
— மேட்டுப்பாளையம் வாசகர்

ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் நின்று நின்று இறங்கினால் உயிர் இருக்கிறது. சர்ரென்று தரைக்கு வந்தால் மோதிரமோ சிலிண்டரோ போய்விட்டது. சைலன்சரைக் கழற்ற விட்டால், டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தாகக் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான சிலிண்டர்களில் அலுமினியத்தின் மேல் குரோம் பூச்சுதான், புல்லட் மாதிரி ரீபோர் செய்ய வழியில்லை.

நீங்கள் அனுப்பிய வீடியோவில் கடைப் பையன் மெஷினைத் தொங்கவிடுகிறான், அது கிணற்று வாளி மாதிரி இறங்குகிறது. பார் நல்ல பார். ஐந்நூறு ரூபாய்க்கு அதை மட்டும் கழற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.